வழிகாட்டிக் கம்பியின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானுக்கு 74 வயது. சர்க்கரை இருக்கிறது. இடது கால் பெருவிரலில் ஒரு புண், நாலு மாதமாக ஆறவில்லை. தொடையில் ஓடும் தமனியில் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கம்பியும் பலூனும் விட்டுத் திறந்து பார்க்கலாம், தள்ளிப்போட்டால் விரல் போகலாம், அதற்கு மேலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தான் முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். "உடம்புக்குள்ள கம்பிய விட்டுத் துழாவுவாங்களாம் மாப்ளே. அவன் கை வெளிய இருக்கு, நுனி உள்ள இருக்கு. அது எங்க போய்க் குத்துதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அழுதாள். நான் பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இது வெட்கம்தான். ஆனால் அத்தான் கேட்டது பயந்தவன் கேள்வி மட்டும் இல்லை. கை இங்கே, நுனி அங்கே, நுனியை எப்படி ஆள்வது என்ற இதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் எத்தனையோ பேர் எழுபது வருடமாக மண்டையை உடைத்திருக்கிறார்கள். டாக்டர்களாக இருக்கும் என் மாணவர்கள் இருவரைப் பிடித்துச் சந்தேகம் கேட்டேன். மீதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கிணற்றில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டு எடுப்போமே, அது நினைவிருக்கிறதா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. கயிற்றின் முனையில் கொக்கிகள் கொத்தாக இருக்கும். தண்ணீருக்குள் ஒன்றும் தெரியாது. கயிற்றில் வரும் சின்ன இழுப்பை வைத்துத்தான் வாளி மாட்டியதா, கல்லா என்று கண்டுபிடிப்பார்கள். ஆனால் கயிற்றுக்கு ஒரு குறை உண்டு. அதை இழுக்கலாம், தள்ள முடியாது. மேலே முறுக்கினால் கீழே இருக்கும் கொக்கி சொன்னபடி திரும்பாது. இழுவிசை, தள்ளுவிசை, முறுக்குவிசை என்ற மூன்றில் கயிறு ஒன்றைத்தான் கடத்தும். கம்பி மூன்றையும் கடத்தும். அதனால்தான் ரத்தக்குழாய்க்குக் கம்பி.

முதலில் உள்ளே போனது கம்பிகூட இல்லை, வெறும் குழாய். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், சிறுநீர்ப் பாதைக்கென்று வைத்திருந்த மெல்லிய குழாயைத் தன் கை நரம்பு வழியாகத் தானே 65 சென்டிமீட்டர் செலுத்திக்கொண்டார். அப்படியே எக்ஸ்-ரே அறைக்கு நடந்துபோய், அது இதயத்துக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். பாராட்டுக்குப் பதில் திட்டு கிடைத்தது. மனிதர் சிறுநீரகத் துறைக்கு மாறிவிட்டார். 1956-இல் நோபல் பரிசு வந்தது. இவர் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நம் கம்பி மேடைக்கு வருவது 1953-இல், ஸ்வீடனில். ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவில் ஸ்வென் இவார் செல்டிங்கர் என்ற 32 வயது கதிரியக்க டாக்டர். அன்றைக்கு இருந்த சிக்கல் இது. தமனிக்குள் குழாய் போக வேண்டுமானால் தோலையும் சதையையும் அறுத்துத் தமனியைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் பருத்த ஊசியால் குத்தி அதன் துவாரம் வழியாக மெல்லிய குழாயை விட வேண்டும். ஊசி குழாயைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும் அல்லவா? அப்போது ஊசி போட்ட ஓட்டையும் குழாயைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். குழாயைச் சுற்றி ரத்தம் கசியும்.

செல்டிங்கர் பல வழிகளில் முயன்று தோற்று, கையில் ஊசி, கம்பி, குழாய் மூன்றையும் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் பொறி தட்டியது. ஊசியைக் குத்து. ஊசி வழியாகக் கம்பியை விடு. கம்பியை உள்ளேயே விட்டுவிட்டு ஊசியை உருவு. கம்பியின் மேல் குழாயைக் கோத்துத் தள்ளு. குழாய் உள்ளே போனதும் கம்பியை உருவு. அவ்வளவுதான். திடீரென்று தனக்குப் பொது அறிவு வந்துவிட்டது என்று பின்னாளில் அவரே கேலியாகச் சொல்லியிருக்கிறார். இன்று உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும், இதயத்துக்கானாலும் மூளைக்கானாலும் டயாலிசிஸுக்குக் கழுத்தில் போடும் குழாயானாலும், அடிப்படை இந்த வரிசைதான்.

இதை வைத்து டாக்டர் பட்டம் வாங்கலாம் என்று செல்டிங்கர் நினைத்தார். இவ்வளவு சின்ன விஷயம் ஆய்வேட்டுக்குப் போதாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். வேறு ஒரு தலைப்பில் உழைத்து 1966-இல்தான் பட்டம் பெற்றார்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எண்பதுகளில் ஒரு வருடம், அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பையன் பாதாளக் கரண்டி கொண்டுவந்தான். கயிற்றுக்குப் பதில் மெல்லிய இரும்புக் குழாய்கள், மேலே ஒரு கைப்பிடி, அதைத் திருப்பினால் கீழே கொக்கி திரும்பும். "இது கொல்லன் பட்டறை வேலைடா, இதுல சயின்ஸ் எங்க இருக்கு?" என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். அந்த வருடம் எங்கள் பள்ளியிலிருந்து போனது, புத்தகத்தைப் பார்த்துச் செய்த சூரியக் குடும்ப மாதிரி. அந்தப் பையன் இதைப் படித்துக்கொண்டிருந்தால் — பெயர் போடவில்லை, உனக்கே தெரியும் — நான் செய்தது தப்பு. அதில் இருந்தது முழுக்க சயின்ஸ்தான்.

அடுத்து வருபவர்தான் அத்தானுக்கு வேண்டியவர். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், போர்ட்லேண்ட் நகரம், சார்லஸ் டாட்டர். மலையேறுபவர், பறவைகளைப் பார்த்துத் திரிபவர், இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுபவர். கிடாரின் தந்தி, ஃபோக்ஸ்வாகன் காரின் ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று எதைப் பார்த்தாலும் இதை ரத்தக்குழாய்க்குள் விடலாமா என்று யோசித்த மனிதர். ஸ்பீடாமீட்டர் கேபிள் என்றதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நாற்பது வருடம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சக்கரம் சுற்றுவதை வளைந்து நெளிந்து போய் மேலே முள்ளுக்குச் சொல்கிற கேபிள் அது. முறுக்கை நுனிவரை கொண்டுபோவதற்கென்றே பிறந்தது.

1963-இல் சிகாகோவில் கதிரியக்க டாக்டர்களின் மாநாடு. பில் குக் என்ற இளைஞர் ஒரு சின்னக் கடை போட்டு, தீப்பிழம்பில் டெஃப்லான் குழாயைக் காட்டி கதீட்டர் செய்துகொண்டிருந்தார். வழிகாட்டிக் கம்பி, ஊசி, கதீட்டர் இவற்றை அடுக்குமாடி வீட்டின் உபரிப் படுக்கையறையில் வைத்துத் தயாரிக்கும் தொழில், தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டாட்டர் நின்று பார்த்தார். அந்த ஊதுவிளக்கையும் கொஞ்சம் குழாயையும் இரவல் வாங்கி ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோய், மறுநாள் காலை பத்து கதீட்டர்களோடு வந்தார். குக் அவற்றை அன்றே விற்றுவிட்டார். அந்தப் படுக்கையறைத் தொழில் பிறகு உலகம் முழுக்கப் பரவிய நிறுவனமாக வளர்ந்தது.

அதே 1963-இல் இன்னொன்றும் நடந்தது. ஒரு நோயாளிக்குப் படம் எடுக்க இடுப்புப் பக்கம் கதீட்டரைத் தள்ளும்போது, அடைத்துக் கிடந்த தமனியைத் துளைத்துக்கொண்டு அது தற்செயலாக மேலே போய்விட்டது. அடைப்பு திறந்துவிட்டது. இதை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று டாட்டர் கேட்டார்.

1964 ஜனவரி 16. நோயாளி 82 வயதுப் பெண்மணி. கால் விரல்கள் அழுக ஆரம்பித்திருந்தன, புண் ஆறவில்லை. காலை எடுக்க வேண்டும் என்று அறுவை டாக்டர்கள் சொன்னார்கள். அந்த அம்மா மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழி இல்லாமல் டாட்டரிடம் வந்தார்கள். தொடைத் தமனியில் ஓர் இடத்தில் மட்டும் சுருக்கம். டாட்டர் முதலில் அந்தச் சுருக்கத்தைத் தாண்டி ஒரு கம்பியை விட்டார். கம்பியின் மேல் ஒரு மெல்லிய குழாய், அதன் மேல் இன்னும் கொஞ்சம் பருத்த குழாய். வழி அகலமானது. சில நிமிடங்களில் பாதம் சூடானது. நாட்கள் போகப் போக வலி விட்டது, புண் ஆறியது. அதற்குப் பிறகு இரண்டரை வருடத்துக்கு மேல் அந்த அம்மா இருந்தார். இருந்தவரை சொந்தக் காலில்தான் நடந்தார்.

இதை நான் வாசித்துக் காட்டியபோது அத்தான் ஒன்றும் பேசவில்லை. "எண்பத்திரெண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அறுவை டாக்டர்களுக்கு டாட்டரைப் பிடிக்கவில்லை. 'பைத்தியக்கார சார்லி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு டாக்டர் படம் எடுக்க அனுப்பிய சீட்டில், பார்க்க மட்டும் செய்யவும், சரிசெய்ய முயல வேண்டாம் என்று எழுதியே அனுப்பினாராம். அமெரிக்கா ஒதுக்கிய முறையை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. அங்கே இதற்கு டாட்டரின் பெயரிலேயே ஒரு வினைச்சொல் வந்துவிட்டது.

ஐரோப்பாவில் அதைக் கற்றவர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குரூயன்ட்ஸிக். சூரிச் நகரத்தில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில், உதவியாளர் மரியா ஷ்லும்ஃபோடு சேர்ந்து, கதீட்டரின் முனையில் உப்பும்படி ஒரு பலூனை ஒட்டி ஒட்டிப் பார்த்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று, விழித்திருக்கும் ஒரு மனிதனின் இதயத் தமனியில் முதன்முதலாக அந்தப் பலூனை ஊதினார். நோயாளிக்கு 38 வயது, டாக்டருக்கும் 38. இந்தக் கதையைத்தான் பலரும் சொல்வார்கள். பலூனுக்குக் கிடைத்த புகழ் கம்பிக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஏனென்றால் குரூயன்ட்ஸிக்கின் பலூனுக்கு ஒரு பெரிய குறை. அதன் முனையில் ஒரு குட்டிக் கம்பி நிரந்தரமாக ஒட்டப்பட்டிருந்தது. அதைத் திருப்ப முடியாது. ரத்த ஓட்டமும் அதிர்ஷ்டமும் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். இதயத் தமனி மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போவது. அகலமோ 2 முதல் 4 மில்லிமீட்டர். இடது கிளைக்குப் போக வேண்டியது வலது கிளைக்குப் போனால் வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து. அடைப்பு நேரான பாதையில், தொடக்கத்திலேயே இருந்தால்தான் வேலை நடக்கும். அப்படிப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்?

இந்தக் குறையைத் தீர்த்தவர் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜான் சிம்ப்சன். குரூயன்ட்ஸிக்கின் கருவி அவருக்குக் கிடைக்கவில்லை. நாமே செய்வோம் என்று நெட் ராபர்ட் என்ற கூட்டாளியோடு இறங்கினார். பலூன் குழாயின் நடுவே ஒரு துளை, அதற்குள் தனியாக நகரும் கம்பி. செல்டிங்கர் தோலைத் தாண்டச் செய்ததை இவர் இதயத்துக்குள் கொண்டுபோனார். முதலில் கம்பி போகட்டும், பாதை கிடைத்த பிறகு பலூன் அதன் மேல் வரட்டும். 1982-இல் கட்டுரை வெளியானது. கம்பியின் நுனியை லேசாக வளைத்து, வெளியிலிருந்து திருப்பினால் எந்தக் கிளையையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை அந்த வருடங்களில் வந்தது. யாருக்கெல்லாம் பலூன் சிகிச்சை செய்யலாம் என்ற எல்லை ஒரேயடியாக விரிந்தது.

வருத்தமான ஒரு தகவல். டாட்டர், குரூயன்ட்ஸிக் இருவரும் 1985-ஆம் ஆண்டிலேயே இறந்தார்கள். குரூயன்ட்ஸிக் தன் சொந்த விமானத்தை ஓட்டிப்போய் விபத்தில் போனார். வயது 46.

சரி, திருப்பினால் நுனி திரும்ப வேண்டும். சொல்வது சுலபம். இதை நான் அத்தானுக்கு விளக்கப்போய், அவர்தான் எனக்கு விளக்கினார். கடையில் கிடந்த பழைய பிரேக் கேபிளின் உள்கம்பியை எடுத்து, ஒரு முனையை வளைத்து அவர் கையில் கொடுத்தேன். கம்பி நேராக இருக்கும்போது இந்தப் பக்கம் கால் சுற்று சுற்றினால் அந்தப் பக்கமும் கால் சுற்று. பிறகு வெளிக் குழாய்க்குள் அதைச் செருகி இரண்டு வளைவு வளைத்துக் கொடுத்தேன். இப்போது சுற்றினால் நுனி முதலில் அசையவே இல்லை. இன்னும் சுற்றினார். சட்டென்று துள்ளி எங்கேயோ போய் நின்றது.

"வளைவுல உரசி நிக்கும் மாப்ளே. முறுக்கு உள்ளயே தேங்கும். தேங்கினது ஒரேயடியா அவுந்தா துள்ளும். கம்பி ஏற்கெனவே கோணலா இருந்தாலும் துள்ளும். கிரீஸ் போட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

கம்பி வடிவமைக்கும் பொறியாளர்கள் நாற்பது வருடமாக மல்லுக்கட்டும் விஷயம் இதுவேதான். ரத்தக்குழாயில் அந்தத் துள்ளல் நடந்தால் நுனி சுவரைக் கிழிக்கும். அதனால் கம்பி எங்கும் கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். கிரீஸுக்குப் பதிலாக, ஈரம் பட்டால் வழுவழுப்பாகும் ஒரு பூச்சு. ஜப்பானின் டெருமோ நிறுவனம் எண்பதுகளில் இப்படிப்பட்ட கம்பியைக் கொண்டுவந்தது. அதே ஜப்பானில் தொழிற்சாலைகளுக்கு மெல்லிய எஃகுக் கயிறு முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆசாஹி இன்டெக் என்ற நிறுவனமும் பின்னாளில் இந்தக் கம்பிகளில் பெயர் வாங்கியது. கேபிள்காரன் புத்தி கேபிள்காரனுக்குத்தான் வரும் என்று அத்தானுக்கு ஒரே பெருமை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. உருண்டைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்கு. இதயத்துக்குப் போகும் கம்பியின் விட்டம் 0.014 அங்குலம், அதாவது 0.36 மில்லிமீட்டர். மைக்ரோ பென்சிலுக்குப் போடும் 0.5 லெட்டைவிட மெலிது. நீளமோ 180 சென்டிமீட்டருக்கு மேல். தள்ளவும் முறுக்கவும் பின்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். சுவரில் மோதினால் தானே மடங்கும்படி நுனி மெத்தென்று இருக்க வேண்டும். ஒரே கம்பிக்கு எதிரெதிரான இரண்டு குணம். என்ன செய்தார்கள்? எஃகு நடுத்தண்டை நுனியை நோக்கிப் படிப்படியாகச் சாணை பிடித்து மெலிதாக்கினார்கள். நான்காம் அடுக்கு ஆயிற்றே, கொஞ்சம் சீவினாலே நிறைய மென்மை வரும். சீவிய இடத்தைச் சுற்றி நுண்ணிய சுருள் ஒன்றைப் பொருத்தி வெளிவிட்டம் மாறாமல் காத்தார்கள். சுருளில் பிளாட்டினம் போன்ற கனத்த உலோகம் சேர்த்தால் எக்ஸ்-ரேயில் நுனி கருப்பாகத் தெரியும்.

அத்தானின் கேள்விக்குப் பாதி விடை இதுதான். டாக்டர் நுனியைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் திருப்புகிறார். மீதி விடை விரலில். சாதாரணக் கம்பிகளின் நுனி ஒரு கிராம் அளவு எடைக்கே மடங்கிவிடும். முற்றிலும் அடைத்த பாதைக்கென்று பத்து கிராமுக்கு மேல் தாங்கும் முரட்டு நுனிகளும் உண்டு. அவற்றைக் கையாள அனுபவம் வேண்டும். காலுக்கு இதே அளவுக் கம்பியும் உண்டு, 0.9 மில்லிமீட்டர்வரை தடித்ததும் உண்டு.

நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் வேறு எதற்கோ உருவாக்கியது. ஒரு கூட்டத்தில் மடித்த துண்டை யாரோ சுங்கான் லைட்டரால் சூடாக்க, அது தானே விரிந்து நேரானது. வளைத்தாலும் எளிதில் கோணல் விழாத கம்பி இன்று அதிலிருந்து வருகிறது.

கையால் முறுக்குவதையே விட்டுவிடும் முயற்சியும் நடக்கிறது. நுனியில் சிறு காந்தம் வைத்து, மேஜையின் இரு பக்கமும் நிற்கும் பெரிய காந்தங்களால் திருப்பும் முறையை ஸ்டீரியோடாக்ஸிஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 2019-இல் எம்.ஐ.டி.யில் யூன்ஹோ கிம், ஷுவான்ஹே ஜாவோ குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். நிட்டினால் தண்டு, அதைச் சுற்றிக் காந்தத் துகள் கலந்த ரப்பர் போன்ற பொருள், அதன் மேல் வழுக்கும் ஹைட்ரோஜெல். மொத்த விட்டம் 0.6 மில்லிமீட்டருக்கும் கீழ். வெளியே காந்தத்தை நகர்த்தினால், மூளை ரத்தக்குழாய்களைப் போல சிலிக்கோனில் செய்த சிக்கலான மாதிரிக்குள் அது பாம்பு போல நெளிந்து போனது. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பதால் அங்கே இதற்குத் தேவை அதிகம். டாக்டரும் எக்ஸ்-ரே கதிரிலிருந்து தள்ளி உட்காரலாம்.

அத்தானிடம் எதையும் மறைக்கவில்லை. கம்பி சில சமயம் சுவரைக் கிழிப்பதும் உண்டு, திறந்த பாதை மறுபடி அடைப்பதும் உண்டு, எல்லாருக்கும் பலிக்காது, அதனால்தான் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதையும் சொன்னேன். டாக்டரிடம் கேட்க அவர் ஒரு சீட்டில் மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறார். முதல் கேள்வி: "நுனி எத்தனை கிராம்?"

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அட்மிஷன். நான் கூடப் போகிறேன். பிரேக் கேபிளையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம். அன்றைக்கு நான் போனை எடுக்காவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் அக்காவிடமிருந்து குடும்பக் குரூப்பில் செய்தி வரும்.